சம்மணம் போட்டே தேய்ந்த முழங்கால்

சேலத்தில் ஜூன் மாதம் பிறந்தால் போதும், அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டலாம்பட்டி வரை "யோகா எல்லோருக்கும் ஏற்றது" என்று பேனர் தொங்க ஆரம்பித்துவிடும். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்த பிறகு, 2015-லிருந்து வருடாவருடம் இது நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், வங்கி ஊழியர்கள் என்று எல்லாரும் மைதானத்தில் வரிசையாக நின்று, ஒலிபெருக்கி சொல்லச் சொல்லக் கையைத் தூக்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் யோகா செய்கிறவள்தான். அது எனக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேனரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் இடது முழங்கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அது வீங்கிக் கிடந்த நாட்களில் எனக்குள் கிளம்பிய கேள்வி இன்னும் அடங்கவில்லை. எல்லோருக்கும் ஏற்றது என்று எழுதியவர்கள், வந்து உட்கார்ந்தவர்களிடம் ஒரு வார்த்தையாவது விசாரித்தார்களா?

அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பத்தவைப்பு வேலை, அதாவது கண்ணிகளை நெருப்பில் ஒட்டும் வேலை செய்கிறவர். சேலம் கொலுசைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் செய்கிறவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தரையில் ஒரு சின்னப் பலகை. இடது கால் உள்ளே மடங்கி, முழங்கால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வலது முழங்கால் செங்குத்தாக நிற்கும், முழங்கையை ஊன்றிக்கொள்ள. தலை நன்றாகக் குனிந்திருக்கும். சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் ஒரு கண்ணியை எடுத்து, வெங்காரத் தண்ணீரில் தோய்த்து, ஒட்டுப் பொடி வைத்து, நெருப்பைக் காட்டுவார். பொடி உருகிப் பளிச்சென்று ஓடும் அந்த ஒரு நொடியில் நெருப்பை விலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணியே உருகிவிடும். அந்த நொடிக்காக உடம்பு முழுவதும் அசையாமல் நிற்கும். அப்புறம் அடுத்த கண்ணி. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எடைக்கணக்கில் கூலி என்பதால் எழுந்து நடக்கிற நேரமெல்லாம் காசு. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை, 60 வயதைத் தாண்டியும் அதே பலகை.

டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஏதாவது உடற்பயிற்சி பண்ணுங்க" என்று சொன்னதால், எங்கள் பகுதிக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த இலவச வகுப்புக்கு அப்பா போனார். முதல் நாளே பயிற்சியாளர் அவரை முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைத்தார். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் அலட்டாமல் பத்மாசனம் போட்டது அப்பா ஒருவர்தான். "இங்க பாருங்க, இந்த வயசுல எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கார்" என்று காட்டினாராம். வீட்டுக்கு வந்து அப்பா அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆயுசு முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்த மனிதரை, அப்படி உட்கார்ந்ததற்காக ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வகுப்பு முழுவதும் அவர் பத்மாசனத்திலும், மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்திலும் இருந்தார். முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய் மறுபடியும் அதே மடக்கு. சில வாரங்களில் இடது முழங்கால் உள்பக்கம் வீங்கிவிட்டது. வலிக்கிறது என்று சொன்னதற்கு, "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், விடாம பண்ணுங்க, சரியாயிடும்" என்று பதில் வந்தது. அப்பா சொன்னதைச் செய்கிறவர். விடாமல் செய்தார். கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூட்டுத் தேய்மானம், சம்மணம் போடாதீர்கள், குந்தி உட்காராதீர்கள், தரையில் உட்காரவே வேண்டாம் என்றார் அவர். பட்டறைக்காரரிடம் தரையில் உட்காராதே என்றால் பிழைப்புக்கு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு கட்சி

சொந்தக்காரர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "யோகா எல்லாம் எல்லாருக்கும் ஒத்துக்காது, அந்தக் காலத்துல சாமியாருங்க பண்ணது" என்றார் பெரியப்பா. "அவர் ஏதாவது தப்பா பண்ணியிருப்பார், முறையா பண்ணா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார் மனவளக்கலை மன்றத்துக்குப் போகும் மாமா. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அப்பா தப்பாகச் செய்யவில்லை, அந்த மண்டபத்தில் இருந்தவர்களிலேயே சரியாகச் செய்தவர் அவர்தான். அவருக்கு வந்த கெடுதலும் அந்தச் சரியான பத்மாசனத்திலிருந்தே வந்தது. பெரியப்பா சொன்னதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் கிடக்கும் என் முதுகும் கழுத்தும் யோகாவால்தான் நிமிர்ந்தன என்பது எனக்குத் தெரியும்.

மாமா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மனவளக்கலையைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்து வேலை செய்தவர். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி கையை நீட்டுவதிலும் காலை உருட்டுவதிலும்தான் ஆரம்பிக்கிறது, காலை மடக்கித் தலையைச் சுற்றுவதில் இல்லை. உழைத்து அலுத்த உடம்பைத் தெரிந்த ஒருவர் வகுத்தது அது என்று எனக்குத் தோன்றும். அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் தறிக்காரர்கள் அதில் நிறையப் பேர் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, எச்சரிக்கை எதுவுமே புதிது இல்லை என்று தெரிந்தது. யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகா நெறிமுறையிலேயே ஆசனங்களோடு கவனக் குறிப்பும் இருக்கிறது. முழங்கால் கோளாறு உள்ளவர்கள் வஜ்ராசனத்தைத் தவிர்க்க வேண்டும், குடலிறக்கம் உள்ளவர்கள் பின்னால் வளையும் உஷ்ட்ராசனம் செய்யக் கூடாது என்றெல்லாம் அச்சில் இருக்கிறது. புத்தகத்திலிருந்து ஒலிபெருக்கிக்கு வருவதற்குள் அந்த வரிகள் காணாமல் போய்விடுகின்றன. வஜ்ராசனத்தில் நெடுநேரம் மண்டியிட்டு இருந்ததால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி, பாதத்தைத் தூக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றி 1971-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2006-ல் நம் ஊர்க் கண் மருத்துவர்களே அளந்து சொன்னார்கள். கண்ணில் நீர் அழுத்த நோய் இருப்பவருக்கு அது எவ்வளவு ஆபத்து! சர்க்கரையால் விழித்திரை கெட்டிருப்பவர்களும் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகக் கூடாது. எங்கள் தெருவில் அந்தக் கண் நோய்க்கு லேசர் வைத்துக்கொண்ட ஓர் அக்கா, யூடியூப் பார்த்துச் சர்வாங்காசனம் செய்துகொண்டிருந்தார். உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

பத்மாசனம் ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. தொடை வெளிப்பக்கமாக நன்றாகச் சுழன்றால்தான் அந்த மடக்கு விழும். அந்தச் சுழற்சி இடுப்பு மூட்டில் நடக்க வேண்டியது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் அமரும் கோணம் ஆளுக்கு ஆள் வேறு. அதைப் பயிற்சியால் மாற்ற முடியாது. இடுப்பில் கிடைக்காத சுழற்சியை முழங்காலிடம் கேட்டால் அது திருகப்படும். முழங்காலோ மடங்கி நீள்வதற்காக இருப்பது, திருக அதில் இடம் ரொம்பக் கம்மி. அப்பாவுக்கு இடுப்பு சிறுவயதிலிருந்தே பழகிவிட்டது. அதனால்தான் அழகாக உட்கார்ந்தார். ஆனால் அத்தனை வருட மடக்கில் முழங்கால் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. முன்வரிசையில் நின்று பார்க்கிறவருக்கு இடுப்பின் அழகு தெரிந்தது, முழங்காலின் தேய்மானம் தெரியவில்லை.

"எப்படி உட்காருவீங்க, காட்டுங்க"

தோழி ஒருத்தி சொல்லி, பொன்னம்மாபேட்டையில் ஒரு மாடி அறையில் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவரிடம் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு வர இஷ்டமே இல்லை. யோகா என்ற பேச்செடுத்தாலே முழங்காலைத் தடவிக்கொள்வார். அறையில் பாய் நாலைந்து, மூன்று நாற்காலி, ஒரு மரக்கட்டில். டீச்சருக்கு அப்பாவை விட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். "வாங்கண்ணா, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்கண்ணா?"

கொலுசுப் பட்டறை என்று அப்பா சொன்னதும், "எப்படி உட்காருவீங்க, காட்டுங்க" என்றார். முழங்கால் வலி என்று நான் குறுக்கே பேசப் போனேன். "கட்டில் மேல உட்கார்ந்து காட்டட்டும்மா, ஒரு நிமிஷம்தான்." அப்பா கட்டிலில் ஏறி, பட்டறையில் இருப்பது போலவே உட்கார்ந்தார். வலது கை இல்லாத ஊதுகுழாயைப் பிடித்தது, இடது கை இல்லாத சாமணத்தைப் பிடித்தது, கழுத்து தானாகக் குனிந்தது. டீச்சர் எழுந்து அவரைச் சுற்றி நடந்தார். முதுகெலும்பு மேலே எங்கே கூன் விழுகிறது, எந்தத் தோள் ஏறியிருக்கிறது, எந்தப் பக்கப் பிட்டத்தில் எடை முழுவதும் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலை அப்பாவின் இடது இடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்து, "இந்தப் பக்கம் தூக்கிட்டே இருக்கு பாருங்க" என்று எனக்குக் காட்டினார். என் அப்பா எப்படி உட்காருகிறார் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியை அன்றுதான் பார்த்தேன்.

"நாப்பது வருஷமா தினம் எட்டு மணி நேரம் ஒரே ஆசனம் போட்டிருக்கீங்கண்ணா. இனிமே உங்களுக்கு இன்னொரு தடவை அதையே சொல்லித்தந்தா அது கூடுதல் வேலை. உங்களுக்கு மாற்று ஆசனம்தான் வேணும்."

என்னைப் பொறுத்தவரை எல்லாம் திரும்பிய இடம் இதுதான். யோகா அப்பாவுக்கு ஏற்றதா இல்லையா என்று அதுவரை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். டீச்சரோ அப்பாவின் உடம்பு இதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். பொது வகுப்புகளில் சொல்லித்தரும் வரிசை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை மனதில் வைத்தது போலவே எனக்கு இப்போது தெரிகிறது. என்னைப் போன்றவர்களுக்குத் தரையில் உட்காருவதே மருந்து. இடுப்பு திறக்கும், முதுகு நிமிரும். கொலுசுக்காரருக்கும், பூ கட்டுகிறவருக்கும், அதே சம்மணம் நாள் முழுவதும் செய்த தொழில். குழித்தறிக்காரருக்கு இன்னொரு கதை: கால் குழிக்குள் தொங்கி மிதித்துக்கொண்டே இருக்கும், நெஞ்சு தறி மேல் சாய்ந்தே இருக்கும். அவரைக் குனிந்து பாதத்தைத் தொடச் சொல்வதில் என்ன லாபம்? அவர் பின்னால் வளைய வேண்டும்.

அந்த டீச்சர் சென்னையில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் மரபில் படித்தவர். கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் பையன்களுக்குத் தாவிக் குதிக்கும் ஆசனங்களைச் சொல்லித்தந்தவர். அதே மனிதர் பிற்காலத்தில் சென்னையில் நோயாளிகளையும் வயதானவர்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, மூச்சோடு இணைத்து மெதுவாகக் கையைத் தூக்கச் சொன்னவர். அவர் மகன் தேசிகாசார் 1976-ல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்' என்ற நிலையத்தில் ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பதுதான் அடிப்படை. கிருஷ்ணமாச்சாரியாரின் சீடரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார், உடம்பு ஆசனத்துக்கு எட்டாவிட்டால் கட்டையையும் பட்டையையும் நாற்காலியையும் கொண்டுவந்து ஆசனத்தை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர். பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே சூத்திரங்கள். அதில் முதலாவது கேட்பது நிலையாகவும் சுகமாகவும் இருப்பதை. முழங்கால் வீங்கியவரிடம் விடாமல் செய் என்பதற்கு அதில் எங்கே இடம்?

அப்பாவுக்கு அவர் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். சுவரில் முதுகை ஒட்டி நின்று மூச்சை இழுத்துக்கொண்டே கையை மேலே கொண்டுபோவது. கட்டிலில் மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது, தொடைச் சதை பலப்பட்டால்தான் முழங்காலுக்குச் சுமை குறையும் என்பதால். இடுப்பை மட்டும் லேசாகத் தூக்கும் சேதுபந்தம். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு. மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம், மூச்சை அடக்குவது வேண்டவே வேண்டாம், ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிட்டார். மூச்சை மெதுவாக விடச் சொன்னபோது அப்பா விட்டுக்கொண்டே இருந்தார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கேஸ் வருவதற்கு முன்னால், சின்ன வயதில், அப்பா வாயால் ஊதுகுழாய் ஊதியே பத்தவைத்தவர். சுடர் அசையாமல் ஒரே சீராக ஊதிப் பழகிய வாய் அது. "மூச்சு விடுறதுல உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்லண்ணா" என்றார் அந்த அம்மா. கல்யாண மண்டபத்தில் கிடைத்த பாராட்டை விட இது அவருக்குப் பெரிது. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஏற்காட்டுச் சின்னம்மாவும் என் அம்மாவும்

உழைக்கிறவர்களுக்கு எதற்கு யோகா, உழைப்பே உடற்பயிற்சிதானே என்று ஒரு பேச்சு உண்டு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போகும் சின்னம்மாவும் இதையேதான் சொல்வார். பழம் பறிக்கும் காலத்தில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நாள் முழுவதும் நிற்கிறவர். சரிவு என்பதால் ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். கை தலைக்கு மேலே போய்க் கிளையை வளைத்துப் பிடித்திருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். "இதுக்கு மேல நான் கையத் தூக்கி என்னத்த யோகா பண்றது" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வேலை உடம்பின் ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மற்ற பக்கத்தை யாரும் கேட்பதில்லை.

டீச்சரிடம் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "வேலை முடிஞ்சு வந்ததும் பத்து நிமிஷம் தரையில படுத்துக் கால் ரெண்டையும் கட்டில் மேல வெச்சுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்." இதைச் சின்னம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "படுக்கறதெல்லாம் கூடவா யோகா?" என்று கேட்டார். ஆமாம் சின்னம்மா, சவாசனம் என்று தனிப் பேரே இருக்கிறது என்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பற்றவைக்காமல் படுத்தால் யார் சோறு ஆக்குவது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மாவுக்கும் இதே கதைதான். இலவச வகுப்பு காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும், அப்போதுதான் இட்லி வேக வேண்டும். வகுப்பில் ஆண்களே அதிகம் இருந்ததைப் பார்த்து, பெண்களுக்கு ஆர்வமில்லை என்று யாரோ சொன்னார்களாம். எனக்குக் கோபமாக வந்தது. உடம்புக்கு ஏற்றதா என்று கேட்பதற்கு முன்னால் நேரத்துக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அம்மா இப்போது மதியம் மூன்று மணிக்குச் செய்கிறார். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், வீடும் அமைதியாக இருக்கும். காலையில்தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் காலைத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

பட்டறையில் ஒரு மேசை

அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்தது. தேய்ந்தது திரும்ப வளராது, அதை டீச்சரும் சொன்னார், டாக்டரும் சொன்னார். டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "என்கிட்ட வந்து கால் மணி நேரம் பண்ணிட்டு அங்க போய் எட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்தா நான் தோத்துடுவேன்மா. அந்தப் பலகையை முதல்ல மாத்துங்க." யோகா சொல்லித்தருகிறவர் வாயிலிருந்து இது வந்ததால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

மேசை போட்டு வேலை செய்யலாம் என்று பட்டறையில் பேசியபோது முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானது. தரையில் உட்கார்ந்தால் அராவும்போது விழும் வெள்ளித்தூள் கண்முன்னே கிடக்கும், கூட்டி எடுத்துவிடலாம். மேசை என்றால் சட்டையிலும் நாற்காலிக்கு அடியிலும் சிதறிப் போகும். வெள்ளி விற்கிற விலையில் ஒரு சிட்டிகை தூளும் கணக்குதான். அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். மேசை விளிம்பில் பழைய வேட்டித் துணி ஒன்றை ஆணியடித்து, அதன் மறுமுனையை மடியில் வைத்துக்கொண்டார். விழுவதெல்லாம் துணிக்குள் விழுகிறது. நெருப்பு வேலைக்கு மட்டும் துணியைச் சுருட்டி ஓரமாகச் செருகிவிடுகிறார். முதல் வாரம் கை பழகாமல் வேலை குறைந்தது, கூலியும் குறைந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாராலும் அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியாது.

இப்போது பட்டறையில் இன்னும் இரண்டு பேர் மேசை கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அப்பாவின் மேசை உயரம் ஒத்துவரவில்லை, தோள் ஏறிக்கொள்கிறது, அவருக்கு நாலு விரல் குறைத்துச் செய்ய வேண்டும். இன்னொருவருக்கு இருபத்தைந்து வயது. அவர் தரையிலேயே உட்காரட்டும், மணிக்கொரு தடவை எழுந்து நடந்தால் போதும் என்று அப்பா சொல்கிறார். முதலாளி, டீச்சரையே ஒரு நாள் நேரில் அழைத்துவந்து ஆளாளுக்குப் பார்க்கச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, ஆள் வேலை செய்யும்போது பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி, திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.